நெகட்டிவ் இல்லாத படங்கள்

பவள விழா மலருக்கு ஏதேனும் எழுதித் தரவேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டபொழுது, பழைய மாணவர் வழக்கப்படி, பழைய ஆசிரியர்களையும் பழைய விளையாட்டுப் போட்டிகளையும் பற்றி நாலு பக்கம் எழுதி அனுப்பிவிடலாம் என்றே எண்ணினோம். ஆனால் அவ்வேளையில் எமது மேசைமீது இரண்டு பொருள்கள் கிடந்தன. ஒன்று, மூலைகள் நைந்துபோன மஞ்சட் பெட்டி, உள்ளங்கையில் அடங்குவது, ஐம்பது வயதை எட்டியது. மற்றையது, கடையிலிருந்து வந்து ஒரு மாதங்கூட ஆகாத படச்சுருள். பெட்டியில் இருப்பவை வர்ண ஸ்லைட் படங்கள். சுருளும் ஸ்லைட் எடுப்பதற்கு உரியதே. இனி இவ்வுலகில் இல்லை என்று நாம் கைகழுவிவிட்ட ஒரு பண்டம் மீண்டும் செய்யப்பட்டுக் கடைக்கு வந்திருக்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையில் நடந்ததை எழுதினால், பழைய ஆசிரியரும் பழைய விளையாட்டுப் போட்டியும் தாமாகவே வந்து சேர்வர் என்ற தைரியத்தில் இதனை எழுதத் தொடங்குகின்றோம்.

இன்றைய மாணவரிடம் ஸ்லைட் என்றால், ஆசிரியர் கணினியிலிருந்து சுவரிலே காட்டும் பாடக் குறிப்பு என்றே விளங்கிக்கொள்வர். அச்சொல்லுக்கு உரிமையாளன் வேறொருவன். சாதாரணப் படச்சுருளைக் கழுவினால் நெகட்டிவ் கிடைக்கும்; அதில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் மாறி நிற்கும்; அதிலிருந்து எத்தனை படங்களும் அச்சிடலாம். ஸ்லைட் சுருளில் நெகட்டிவ் என்ற ஒன்று கைக்கு வருவதில்லை. கமராவினுள் ஓடிய அதே பிலிமே படமாகித் திரும்பிவரும். துண்டு துண்டாக வெட்டி, இரண்டங்குலச் சதுரக் கடதாசிச் சட்டத்தில் பொருத்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், வானம் நீலமாகவும் வாழையிலை பச்சையாகவும் உள்ளே நிற்கும். புறொஜெக்டரிலே செருகினால் சுவர் முழுவதும் விரியும்.

இது நிகழும் முறை வேடிக்கையானது. முதலாவது மருந்து நீரில், ஒளிபட்ட வெள்ளி உப்பெல்லாம் கறுத்து ஒரு நெகட்டிவ் உண்டாகும். அப்பால், ஒளிபடாது எஞ்சிய உப்பை இன்னொரு மருந்து கறுக்கச் செய்யும்; கறுக்கும் இடங்களிலேயே மஞ்சள், செந்நீலம், நீலப்பச்சை என்னும் மூன்று சாயங்களும் பிறக்கும். ஈற்றிலே வெள்ளி முழுவதையும் வெளுக்கச்செய்து நீக்கிவிடுவர். சாயம் மட்டும் தங்கும். ஆகவே நெகட்டிவ் இல்லாமலில்லை. அது தோன்றி, அதே பிலிமிலேயே அழிந்து, படத்துக்கு வழிவிட்டுப் போய்விடுகின்றது. மருந்து நீரின் வெப்பம் 38 பாகை செல்சியசில் அசையாது நிற்றல் வேண்டும்.

இவ்வகைச் சுருள்களுள் மூத்தது கொடாகுரோம். 1935இல் சினிமாச் சுருளாகவும், அடுத்த ஆண்டு சாதாரணக் கமராவுக்குரிய சுருளாகவும் அமெரிக்காவின் கொடாக் நிறுவனம் அதனை வெளியிட்டது. அதனை ஆக்கியவர் இருவரும் சங்கீதக்காரர்: மேன்ஸ் என்பவர் பியானோ வாசிப்பவர், கொடொவ்ஸ்கி என்பவர் வயலின். இருட்டறையில் கடிகாரம் பார்க்க இயலாமையால், தாமறிந்த இசையைச் சீழ்க்கையடித்தே மருந்து நீரின் நேரத்தைக் கணித்தனர் என்பர். தாளம் பிசகாத கைக்கு மணிக்கூடு எதற்கு என்பதை நம் மிருதங்க வித்துவான்கள் ஒப்புக்கொள்வர். ஆனால் கொடாகுரோமில் சாயத்துக்குரிய பொருள் பிலிமிலே இல்லை, கழுவும்போதே சேர்க்கவேண்டும். அது பெரிய தொழிற்சாலையிலன்றி நடவாத காரியம். 1946இல் வந்த எக்டாகுரோமிலோ அப்பொருள் பிலிமினுள்ளேயே அமைந்திருந்தது. ஒரு சிறு ஸ்ரூடியோக்காரர்கூடத் தம் இருட்டறையில் அதனைக் கழுவிவிடலாம்.

சகோதரச் சுருள்கள் இரண்டின் பிற்கால விதியை நிர்ணயித்தது இவ்வேறுபாடே. எண்ணிமக் கமராவும் பின்னர்க் கைத்தொலைபேசியும் வந்து பிலிம் வியாபாரத்தை அடித்துச் சென்றபோது, 2009இல் கொடாகுரோம் நிறுத்தப்பட்டது. கடைசிச் சுருளை ஸ்ரீவ் மக்கறி என்னும் புகழ்பெற்ற படப்பிடிப்பாளரிடம் கொடுத்தனர். அதன் 36 படங்களுட் சிலவற்றை அவர் இந்தியாவுக்கு வந்து எடுத்தார். அதனைக் கழுவத்தக்கதாய் உலகில் எஞ்சியிருந்த ஒரே கூடம் கன்சாஸ் மாநிலத்தில், பார்சன்ஸ் என்னும் சிற்றூரில் இருந்தது. அதுவும் 2010 டிசெம்பர் 30ஆம் திகதியுடன் சுருள்களை ஏற்பதை நிறுத்திக்கொண்டது. இன்று யாரேனும் ஒரு பழைய கொடாகுரோம் சுருளைப் பெட்டகத்தில் கண்டெடுத்தாலும், அதனை அதற்குரிய முறையில் வர்ணமாகக் கழுவித்தர ஆளில்லை.

எக்டாகுரோம் 2012இல் நின்றது. கொடாக் நிறுவனம் கடன் தீர்க்க வழியின்றி நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியதும் அதே ஆண்டிலேதான். ஆனால் 2017 சனவரியில், அதனை மீண்டும் செய்யப்போகின்றோம் என்றோர் அறிவித்தல் வந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் தருவதாகச் சொன்னார்கள். வந்தது 2018 செப்ரெம்பரில். தாமதத்துக்குக் காரணம், பழைய குறிப்பு இருந்தும் பழைய பொருள்கள் இல்லாமையே. அம்மம்மா எழுதிவைத்த பலகாரக் குறிப்பை எடுத்துக்கொண்டு இறங்கினால், அவர் மா வாங்கிய கடை பூட்டி, சருக்கரை காய்ச்சியவர் ஊரை விட்டுப்போய், அவர் சொன்ன அளவுச் சுண்டும் காணாமற் போயிருந்தால் என்ன செய்வது? வேதிப்பொருள் ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஆள் தேடி, பொருத்தம் பார்த்து, ரொச்செஸ்ரர் நகரத் தொழிற்சாலையில் திரும்பவும் பூசி எடுத்தனர். 2019இல் பெரிய கமராக்களுக்குரிய அளவிலும் வந்தது.

இம்முயற்சியில் எல்லாரும் கரை சேர்ந்தாரல்லர். இத்தாலியிலே பெரானியா என்னும் பழைய பிலிம் ஆலையின் பெயரால், 2014இல் ஆர்வலர்களிடம் மூன்று இலட்சம் டொலருக்கு மேற் சேர்த்து, வர்ண ஸ்லைட் சுருள் செய்வோம் என்று புறப்பட்டனர் சிலர். 2017இல் அவர்கள் தந்தது கறுப்பு வெள்ளைச் சுருள். நல்ல சுருள்தான்; ஆயினும் பணங் கொடுத்தவர் கேட்டது அதனை அன்று. யப்பானின் புஜி நிறுவனமோ இதுபற்றிய ஆரவாரமின்றி, வகைகளைக் குறைத்துக்கொண்டு, அவ்விடைக்காலம் முழுவதும் ஸ்லைட் சுருள் செய்துகொண்டுதான் இருந்தது. ஆதலால் ஸ்லைட் அடியோடு மாண்டு உயிர்த்தது என்பாரது கூற்று முழு உண்மையாகாது. எமக்கு மாண்டிருந்தது என்பதே உண்மை.

இனி மஞ்சட் பெட்டிக்கு வருவோம்.

நாம் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர்கள். பொன்னம்பலவாணேசர் கோயில் மணியோசை கேட்கும் தொலைவில் வீடு. தந்தையார் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் இலிகிதர். கல்லூரியில் எமக்குப் பௌதிகம் கற்பித்த ஆசிரியர் படப்பிடிப்பில் மோகங்கொண்டவர். ஒளியியற் பாடத்தை வில்லையும் ஆடியும் வரைந்து முடித்துவிடாமல், தமது கமராவின் பின்புறத்தைத் திறந்து காட்டியே கற்பிப்பார். அக்காலம், அதாவது 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட காலம், இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். பாணுக்கே வரிசையில் நின்ற நாட்டில் வர்ண பிலிமுக்கு யார் போவார்? இலண்டனிலிருந்த எமது சிறிய தந்தையார் ஆண்டுக்கு இரண்டு கொடாகுரோம் சுருள்களை யாராவது ஊருக்கு வருபவரிடம் கொடுத்தனுப்புவார். அங்கே அச்சுருளின் விலையிலேயே கழுவும் கூலியும் அடங்கியிருந்தது. எடுத்து முடித்த சுருளும் அவ்வாறே யாரோ ஒருவர் பையில் இலண்டன் சென்று, அங்கிருந்து ஹெமல் ஹெம்ஸ்ரெட் என்னும் ஊரிலிருந்த கொடாக் கூடத்துக்குத் தபாலிற் போய், மாதங் கழித்து ஒரு மஞ்சட் பெட்டியாகத் திரும்பும். எடுத்த படம் சரியோ பிழையோ என்று அறிவதற்குள் ஒரு தவணைப் பரீட்சை வந்து போய்விடும்.

ஆண்டுக்கு எழுபத்திரண்டே படங்கள். ஸ்லைட் சுருளோ பிழை பொறாதது. நெகட்டிவ் என்றால் அச்சிடும்போது குறைநிறைகளைச் சரிக்கட்டலாம். ஸ்லைட்டில் வெளிச்சம் சற்றுக் கூடினால் முகம் வெளுத்துப்போகும், சற்றுக் குறைந்தால் இருண்டுபோகும். "தம்பி, முதலில் வெயிலைப் படி, பிறகு கமராவைத் தொடு" என்பார் ஆசிரியர். மைதானத்தில் எம்மை நிறுத்தி, மேகம் சூரியனை மறைக்கும்போதும் விலகும்போதும் அளவு என்னவென்று வாய்ப்பாடு கேட்பதுபோற் கேட்பார். கருவியைப் பாராமற் சொல்லவேண்டும். பிழையாகச் சொன்னால் அன்று கமரா கைக்கு வராது.

1976ஆம் ஆண்டு எமக்கு நல்ல ஆண்டு. விளையாட்டுப் போட்டி, சரசுவதி பூசை, ஆடிவேல் விழா எல்லாவற்றையும் எடுத்தோம். செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்டுக் காலி வீதி வழியே பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கமாக வேல் பவனி வரும் அக்காட்சியைக் கண்டவர்களுக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை. பின்னர் ஒரு மாலை கல்லூரி மண்டபத்தில் அவற்றைக் காட்டினோம். யன்னல்களுக்குக் கறுப்புச் சீலை. திரைக்கு விடுதியிலிருந்து கொண்டுவந்த வெள்ளைப் படுக்கை விரிப்பு. முதற் படம் அதிபர் அவர்கள் பரிசு வழங்குவது. அதனைத் தலைகீழாகச் செருகிவிட்டோம். அதிபர் வௌவால்போலத் தொங்கிக்கொண்டு கேடயம் கொடுத்தார். மண்டபத்தில் எழுந்த கூச்சல் காலி வீதி வரை கேட்டதாகப் பின்னர் சொன்னார்கள். இருட்டில் யார் கூவியது என்று எவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. இப்போது ஒப்புக்கொள்ள விரும்புவோர் ஒப்புக்கொள்ளலாம்.

1978இல் வகுப்புத் தோழர் ஒருவர், தமது ஊர்க் கோயில் வாசகசாலையிற் காட்டுவதற்கென்று வேல் விழாப் படங்களைக் கேட்டார். நல்லனவெல்லாவற்றையும் கொடுத்துவிட மனமில்லை. நடுத்தரமானவற்றையும், கழித்துவைத்த சிலவற்றையும், பாடசாலைப் படங்கள் பலவற்றையும் ஒரு பெட்டியில் நிரப்பிக் கொடுத்தோம். பெட்டி திரும்பவில்லை. இரண்டு முறை ஆளனுப்பினோம். கடிதமும் எழுதினோம், அதிலே கடுஞ்சொல்லும் இருந்தது. பிறகு பேச்சும் நின்றது.

1979இல் வெள்ளவத்தைக்கு, கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கைக்குக் குடிவந்தோம். 1981இல் தந்தையார் காலமானார். 1983 யூலை 25, திங்கட்கிழமை, அவ்வீடு எரிந்தது. அன்று எரிந்த வீடுகள் பல. எமது கதை தனிக்கதையன்று. கொழும்பிலே பாடசாலைகள் அகதி முகாம்களாயின. பௌதிகம் படித்த வாங்கின்கீழ்ப் பாய் விரித்துப் படுத்திருந்த இரவில்தான் எட்டு மஞ்சட் பெட்டிகளின் நினைவு வந்தது. ஏறக்குறைய 280 படங்கள். நெகட்டிவ் எங்கேயிருக்கின்றது, மீண்டும் அச்சிடலாமே என்று ஆறுதல் சொன்ன அயலவருக்கு, அப்படியொன்று இல்லை என்பதை விளக்க அன்று எமக்குத் தெம்பில்லை. தந்தையாரின் கறுப்பு வெள்ளை அடையாள அட்டைப் படம் ஒன்று மட்டும் எஞ்சியது; அதில் அவர் தாமாக இல்லை.

2019இல் ஓரிரவு ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி அழைப்பு. நாற்பது ஆண்டு கழித்துக் கேட்ட குரல். "மச்சான், உன்ர பெட்டியொண்டு என்னட்டைக் கிடக்குது. கோவியாதை." கோபிப்பதா? கடன் வாங்கி மறந்த ஒருவரை வாழ்த்தியது எமது ஆயுளில் அந்த ஒருமுறையே.

பெட்டி வந்தது. உள்ளே 31 படங்கள். அவற்றுள் 12 பழைய எக்டாகுரோம். அக்காலத்து எக்டாகுரோமின் நீலப்பச்சைச் சாயம் நிலையற்றது. அது மங்கிவிட, எஞ்சிய சாயங்களால் படம் முழுவதும் சிவந்துபோய்விடும். சரசுவதி பூசைக்கு வெள்ளையுடுத்து நின்ற மாணவர் அனைவரும் செம்பருத்தி நீரில் தோய்ந்தெழுந்தவர்போல் நிற்கின்றனர். இரண்டு படங்களில் பூஞ்சணம் வேரோடியிருந்தது. அது கொழும்பிலே தொடங்கியதாகவே இருக்கவேண்டும். மற்றைய 19உம் கொடாகுரோம். அவை நேற்றெடுத்தாற்போல் இருந்தன. கொடாகுரோமில் மிக விரைவில் மங்கக்கூடிய மஞ்சட் சாயமே, இருளில் ஒழுங்காக வைத்திருந்தால் ஐந்திலொரு பங்கு குறைய 185 ஆண்டுகள் செல்லும் என்று கணித்திருக்கின்றனர். இறந்துபோன சுருள் நிறங்காத்து நிற்க, பின்னர் உயிர்பெற்ற சுருளின் மூத்த தலைமுறை சிவந்து கிடப்பது விதியின் விளையாட்டுப் போலும்.

அந்தப் பத்தொன்பதில் ஒன்று, நாம் அன்று கழித்துவைத்தது. தூறலிடையே வேல் இரதத்தைக் குறிவைத்து எடுத்தோம். இடது ஓரத்தில் கமராமீது நீர்படாமற் குடை பிடித்துக்கொண்டு யாரோ குறுக்கே வந்துவிட்டார். பாதி முகம், அதுவும் தெளிவில்லை. "ஓரத்தைக் கவனிக்கவில்லை, கழித்துவிடு" என்று ஆசிரியர் சொன்னதும் நினைவிருக்கின்றது. குடை பிடித்தவர் எமது தந்தையார். வெள்ளைச் சட்டை, தோளில் நனைந்த சால்வை, இரதத்தைப் பாராமல் எம்மையே பார்க்கும் பார்வை.

இப்படத்தைத் துல்லியமாகப் பிரதி செய்து கைத்தொலைபேசியில் வைத்திருக்கின்றோம். நான்கு நாடுகளில் உள்ள உறவினருக்கும் அனுப்பியாயிற்று. பிலிமே உயர்ந்தது, எண்ணிமப் படம் தாழ்ந்தது என்னும் ஆர்வலர் வாதத்தில் எமக்கு உடன்பாடில்லை. மங்கல் ஒளியிலும் நிறத் துல்லியத்திலும் இன்றைய கருவிகள் எத்தனையோ மேல். ஆனால் அன்று அந்தச் சட்டையிற் பட்டுத் திரும்பிய வெளிச்சம் வந்து விழுந்தது இந்தத் துண்டின்மேல்தான். தூறல் பெய்துகொண்டிருந்த வீதியில், குடைக்குக் கீழே, அவருக்கு ஒரு முழத் தொலைவில் இத்துண்டும் இருந்தது. அது ஒன்றே, இரண்டாவது இல்லை. அதனாலேயே எமக்கு அது அருமை. அதனாலேயே ஒரு திங்கட்கிழமையில் 280 படங்களும் இல்லாமற் போயின. ஸ்லைட் சுருள் மீண்டும் வருகின்றதென்று கேட்டபோது எமக்கு மகிழ்ச்சியோடு அச்சமும் சேர்ந்தே வந்ததன் காரணம் இதுவே.

ஆயினும் ஆசை விடவில்லை. பெறாமகள் ஒருவர் இலண்டனிலிருந்து வந்தபோது புதிய எக்டாகுரோம் சுருள் ஒன்று வாங்கிவரச் சொன்னோம். கழுவும் செலவையும் சேர்த்துப் பார்த்தால், சிறு குடும்பமொன்றின் ஒருவார மரக்கறிச் செலவுக்குக் குறையாது. பேரனையும் அழைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனோம். பொன்னம்பலவாணேசர் கோயில் கருங்கற் கோயில். சேர் பொன்னம்பலம் இராமநாதன் திருப்பணி செய்வித்தது. கருங்கல்லைக் காட்டினால் கமராவின் அளவுகருவி ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டச் சொல்லும். அதனை நம்பினால் கல் சாம்பலாய், யன்னலொளி சுண்ணாம்பாய்ப் போகும். சற்றுக் குறைத்தே எடுக்கவேண்டும் என்பது ஆசிரியர் கற்பித்த பாடம். அநுமதி பெற்று, பாடத்தை நினைவுகூர்ந்து, குறைத்தே எடுத்தோம். பேரன் ஒவ்வொரு முறையும் கமராவின் முதுகைத் திருப்பிப் பார்த்தான். அங்கே படந் தெரியாதென்பதை நம்ப அவனுக்கு நெடுநேரம் பிடித்தது.

கழுவுவதற்கு நாம் விசாரித்த கடைகளில் நெகட்டிவ் மட்டும் கழுவுவோம் என்றனர். ஆகவே சுருள் பழையபடி ஒருவர் பையிலேறி இலண்டன் சென்றது. கட்டுநாயக்காவில் ஊடுகதிர்ப் பெட்டிக்குள் இடாமற் கையாற் பரிசோதிக்கும்படி கேட்டுக்கொண்டோம். இளம் உத்தியோகத்தர் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதனுள் என்ன என்று சிங்களத்தில் வினவினார். இன்னும் எங்களுக்கும் தெரியாது என்றோம், சிரித்தார். ஐந்து கிழமை காத்திருந்தோம். முப்பத்தாறில் தேறியவை பதினொன்று. கோயிற் படங்களில் எட்டு, ஆசிரியர் சொன்னதை அளவுக்கு மிஞ்சிக் கைக்கொண்டதனால், முழு இருள். எஞ்சிய ஒன்றில், தூணோரம் விழுந்த ஒரு கீற்று வெயிலில் பேரன் நிற்கின்றான். அவனும் கமராவைப் பாராமல் எம்மைப் பார்க்கின்றான்.

மேசைமீது கிடப்பது இரண்டாவது சுருள். அதனைப் பவள விழா நாளுக்கென வைத்திருக்கின்றோம். அன்று மாலை, மலர்க் குழுவினர் இணங்கினால், மஞ்சட் பெட்டியையும் மண்டபத்திற் காட்ட எண்ணம். புறொஜெக்டருக்கு ஒரேயொரு மின்குமிழ்தான் மிச்சமிருக்கின்றது; அன்றியும் கொடாகுரோம் இருளில் நெடுங்காலம் வாழ்வதாயினும் புறொஜெக்டரின் வெளிச்சத்தில் விரைவாக மங்கும். எனவே படமொன்றுக்கு அரை நிமிடம். பதினான்காவது படத்துக்கு மட்டும் ஒரு நிமிடம் தருவோம். 1976 அஞ்சலோட்டத்தில் நீலச் சட்டையணிந்த நால்வர் அதில் நிற்கின்றனர். ஒருவர் இப்போது மெல்பேணில். ஒருவர் மட்டக்களப்பில் இருந்து மறைந்துவிட்டார். மூன்றாமவர் பெட்டியைத் திருப்பித் தந்த நண்பர். நாலாவது மாணவனின் முகத்தைக் கோல் பிடித்த கை பாதி மறைக்கின்றது. எம் வகுப்பார் எவருக்கும் பெயர் நினைவில்லை. தெரிந்தவர்கள் மண்டபத்திலேயே எழுந்து சொல்லலாம். இம்முறை படத்தை நேராகச் செருகுவோம்.